மெல்லொளி கண்ட ஓவியர்

திருக்குற்றாலம் திரிகூட மலையின் அடியில் அமைந்த ஊராகும். மலை மேற்கே ஓங்கி நிற்பதால் இங்கு மாலைப்பொழுது முந்தி வந்துவிடும். தென்காசிக் கோபுரத்தின் முடியில் பொன்வெயில் தங்கியிருக்கும்பொழுதே குற்றாலத்தில் மலைநிழல் படியும். ஆனி, ஆடித் திங்கள்களில் சாரலும் சேருமாயின், அருவியும் முகிலும் பாறையும் ஒன்றோடொன்று கலந்து தோன்றும். அந்த மெல்லொளியை நிழற்படத்தில் பதிக்க இன்று பலர் கருவியோடு காத்து நிற்கின்றனர். இறைவனை ஓவிய வடிவில் வழிபடும் சித்திரசபை அமைந்த ஊருக்கு இஃது ஏற்றதே. நிழற்படக் கலை தோன்றுமுன்பே இம்மலைத்தொடரின் எழிலைத் தாளில் பதிக்க முயன்றவர் ஒருவர் உண்டு. அவரே தாமஸ் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர்.

இவர் 1749-ஆம் ஆண்டில், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கிங்ஸ்டன் நகரில், விடுதி நடத்திய ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலைக் கற்றார். பின்னர் லண்டன் அரச கலைக்கழகப் பள்ளியில் பயின்றார். தந்தையை இழந்த தம் உடன்பிறந்தார் மகன் வில்லியத்தை வளர்க்கும் பொறுப்பும் இவருடையதாயிற்று. 1785-இல் அச்சிறுவனையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி, சீனம் வழியாக அடுத்த ஆண்டு கல்கத்தாவை அடைந்தார். அந்நகரின் காட்சிகள் பன்னிரண்டைச் செப்புத்தகட்டில் தாமே செதுக்கி அச்சிட்டார். பின்னர் இருவரும் வடக்கே இமயத்தின் கார்வால் மலைநாடு வரை சென்று வரைந்தனர்.

தென்னாட்டுப் பயணத்துக்குப் பொருள் வேண்டியிருந்தது. தம் ஓவியங்களைக் குலுக்குச்சீட்டு முறையில் விற்றுப் பொருள் திரட்டினார். திப்பு சுல்தானோடு நிகழ்ந்த போர் முடிந்த 1792-ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து புறப்பட்டார். பல்லக்கிலும் குதிரையிலும் சென்று, திருச்சிராப்பள்ளி, மதுரை ஆகிய ஊர்களைக் கடந்து நெல்லைச் சீமையை அடைந்தார். குற்றாலத்துக்குத் தெற்கே, அதே மலைத்தொடரில் வீழும் பாபநாச அருவியை வரைந்தார்.

அவர் கையாண்ட கருவி ஓர் இருட்டுப்பெட்டி. அதன் முன்புறக் கண்ணாடிவில்லை வழியே நுழையும் ஒளி, வெளிக்காட்சியை உள்ளே உருவமாக வீழ்த்தும். அவ்வுருவத்தின் மீது எழுதுகோலை ஓட்டினால் மலையும் மரமும் அளவு பிறழாமல் அமையும். ஆயினும் அப்பெட்டிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அந்தி மங்கினால் உருவமும் மங்கிவிடும். அப்பொழுது ஓவியனுக்குத் துணையாவன கண்ணும் நினைவும் கையுமே.

1794-இல் இருவரும் தாயகம் திரும்பினர். அங்கே மற்றோர் இடர் காத்திருந்தது. கோடுகளால் மட்டும் செதுக்கிய தகடு, ஒளி சிறிது சிறிதாக இருளாவதைக் காட்டவல்லதன்று. ஆதலின் தகட்டின்மேல் குங்கிலியத் தூளைப் படியச்செய்து, அமிலத்தால் அரித்து, நிழலின் படிநிலைகளைப் பெறும் முறையை மேற்கொண்டனர். அமிலம் சிறிது மிகுந்தாலும் தகடு கெடும். அது கைவராதிருந்தால் ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பும் பெட்டிக்குள்ளேயே மடங்கியிருக்கும். வில்லியம் காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை, பல ஆண்டுகள் இதில் உழைத்தார். 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளிவந்தன. பாபநாச அருவியும் அவற்றுள் ஒன்று. நம் நாட்டை நேரிற் காணாத மேலைநாட்டார் இப்படங்களால் கண்டனர்.

தாமஸ் 1799-இல் அரச கலைக்கழக உறுப்பினரானார். வளர்த்த மகனாகிய வில்லியம் 1837-இல் முந்தி மறைந்தார். 1839-இல், இருட்டுப்பெட்டியில் வீழும் உருவத்தை மருந்துப்பூச்சால் நிலைநிறுத்தும் நிழற்படக் கலை பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. அடுத்த ஆண்டு தாமஸ் டேனியலும் உலக வாழ்வை நீத்தார்.

இன்று கருவி ஒரு நொடியில் காட்சியைப் பதிக்கின்றது. ஆயினும் ஒளி கனியும் வேளையை அறிந்து காத்திருக்கும் பொறுமையைக் கருவி தாராது. அதனைக் காண்பவனே தேடிக்கொள்ளல் வேண்டும். தாமஸ் டேனியலின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.