எட்டு எழுத்துக்கு இருநூறு ரூபாய்

1928-ஆம் ஆண்டின் தொடக்கம். சென்னையில் ஒரு நகைச்சுவை மாத இதழ் பணமுடையால் நின்றுபோயிருந்தது. பூதூர் வைத்தியநாதய்யர் 1926-ல் தொடங்கிய அந்த இதழின் பெயர் ஆனந்த விகடன். அதற்கு விளம்பரம் கொடுத்து வந்த ஓர் இளைஞர் அதை விலைக்குக் கேட்டார். பேரம் இருநூறு ரூபாய்க்கு முடிந்தது. பெயரில் எட்டு எழுத்து; எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் என்று கணக்குப் பார்த்து வாங்கியதாகப் பத்திரிகை உலகில் இன்றும் சொல்வார்கள்.

அந்த இளைஞர்தான் எஸ்.எஸ். வாசன்.

ஜெமினி ஸ்டூடியோவின் அதிபர், சந்திரலேகா எடுத்தவர் என்றுதான் பலரும் அவரை அறிவார்கள். ஆனால் அவர் படமுதலாளி ஆவதற்கு முன்பு பத்திரிகை முதலாளி. பத்திரிகை முதலாளி ஆவதற்கு முன்பு விளம்பரக்காரர். கையில் முதல் இல்லாத ஒருவர் சொல்லையே முதலாகப் போட்டுத் தொழில் செய்து முன்னுக்கு வந்த வரலாறு அவருடையது.

தாயும் மகனும்

தஞ்சை மாவட்டத்தின் பகுதியாக அன்று இருந்த திருத்துறைப்பூண்டி வாசனின் சொந்த ஊர். ஸ்ரீனிவாசன் என்பது முழுப்பெயர். விவரம் தெரியாத வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் மனம் தளரவில்லை. மகனை எப்படியும் படிக்க வைக்க வேண்டும் என்று சென்னைக்கு அழைத்து வந்தார். ஊரை விட்டு வந்து பெருநகரத்தில் வேர் பிடிக்கப் பாடுபட்ட குடும்பங்களில் அதுவும் ஒன்று.

படிப்பு முழுமை பெறவில்லை. வாசன் இடையிலேயே நிறுத்திவிட்டுத் தொழில் செய்யப் புறப்பட்டார். கடை வைக்கப் பணம் வேண்டும். சரக்கு வாங்கிக் குவிக்கவும் பணம் வேண்டும். அதிகப் பணம் இல்லாதவரும் செய்யக்கூடியதாக அன்று இருந்தது அஞ்சல் வழி வியாபாரம்.

பத்திரிகையில் சிறிய விளம்பரம் வரும். அதைப் படித்த வெளியூர்க்காரர் ஒரு கார்டு எழுதிப் போடுவார். சரக்கு வி.பி.பி.யில் போகும். தபால்காரரிடம் பணத்தைக் கட்டிப் பார்சலை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த வியாபாரத்தில் வாங்குபவர் கடையைப் பார்ப்பதில்லை. சரக்கைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கடைக்காரரின் முகமும் தெரியாது. அவர் கண்ணில் படுவது அச்சான நாலு வரிகள் மட்டுமே. அந்த நாலு வரியில் பொருள் என்ன, விலை என்ன, தனக்கு அதனால் என்ன பயன் என்பது அவருக்கு விளங்க வேண்டும். நம்பிக்கையும் பிறக்க வேண்டும். வரிகள் சரியில்லை என்றால் நல்ல சரக்கும் மூலையில் கிடக்க வேண்டியதுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் இடத்துக்கும் கூலி கொடுத்து அச்சிடும்போது வீண் சொல் ஒன்றுகூடக் கூடாது. கல்லூரியில் முடிக்காத படிப்பை வாசன் இங்கே முடித்தார் எனலாம்.

பிறர் சரக்குகளுக்கு விளம்பரம் சேர்த்துப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் தொழிலும் செய்தார். வியாபாரிக்கு என்ன வேண்டும், வாசகருக்கு எது பிடிக்கும் என்ற இரண்டையும் அருகில் இருந்து பார்க்க அது வழி செய்தது.

விகடன் வளர்ந்த விதம்

வாசன் கையில் ஆனந்த விகடன் மறுபிறவி எடுத்தது. மாத இதழாக இருந்தது பிற்பாடு வார இதழாயிற்று. நன்றாக எழுதத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்தார். திரு.வி.க.வின் நவசக்தியில் பணியாற்றிய கல்கி கிருஷ்ணமூர்த்தி முதலில் கட்டுரை எழுதினார். பின்னர் விகடனுக்கே ஆசிரியராக வந்து சேர்ந்தார். தேவன் வந்தார். ஓவியர் மாலியின் கோட்டுச் சித்திரங்கள் வந்தன. எழுத்து என்பது பொழுதுபோகாதவர் இலவசமாகச் செய்து தரும் காரியம் என்ற எண்ணம் பரவலாக இருந்த காலத்தில், எழுத்தாளரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தியவர் வாசன். எழுத்தால் வியாபாரம் நடந்ததைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். ஆகவே எழுத்துக்குக் கூலி கொடுப்பதை அவர் நஷ்டமாகக் கருதவில்லை.

குறுக்கெழுத்துப் போட்டியும் பரிசும் வந்தன. கல்கியின் தியாகபூமி தொடர்கதையாக வெளிவந்தபோது, அதே கதையை கே. சுப்ரமணியம் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். படத்தின் காட்சிகளையே கதைக்குச் சித்திரங்களாகப் போட்டது விகடன். வாரந்தோறும் கதை படித்தவர்கள் 1939-ல் படம் வந்தபோது தாமாகவே கொட்டகைக்குப் போனார்கள். கதை படத்துக்கு விளம்பரமாகவும், படம் கதைக்கு விளம்பரமாகவும் அமைந்தது.

வாசனே எழுதிய சதி லீலாவதி என்ற கதையும் 1936-ல் படமாயிற்று. எம்.ஜி.ஆர். திரையில் முதன்முதலாகத் தோன்றிய படம் அது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார்.

கதை இல்லாத விளம்பரம்

படங்களை வாங்கி வெளியிடும் தொழிலில் இறங்கிய வாசன், தீ விபத்துக்குள்ளான கே. சுப்ரமணியத்தின் ஸ்டூடியோவை ஏலத்தில் எடுத்தார். அதுவே ஜெமினி ஸ்டூடியோ ஆயிற்று. குழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள் அதன் சின்னம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தச் சின்னத்தைப் பார்த்தவுடன் இது ஜெமினி படம் என்று சொல்லிவிடுவார்கள்.

1942-ல் தெலுங்கில் பாலநாகம்மா, 1943-ல் தமிழில் மங்கம்மா சபதம் என்று இரண்டு படங்களும் வெற்றி பெற்றன. அந்த வேகத்தில் அடுத்த படத்தின் பெயரை வாசன் விளம்பரம் செய்துவிட்டார். பெயர் சந்திரலேகா.

பெயர் இருந்தது, கதை இல்லை! ஒதுக்கித் தள்ளிய ஏதோ ஒரு கதையிலிருந்து கதாநாயகியின் பெயரை மட்டும் எடுத்து வைத்திருந்தார். ஜெமினியின் கதை இலாகா மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டது. வாசன் பொறுமை இழக்கும் கட்டத்தில், வேப்பத்தூர் கிட்டு ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் ஒரு கதையில் சிறு பொறியைக் கண்டுபிடித்தார். அதை ஊதி ஊதிப் பெரிதாக்கி, இரண்டு இளவரசர்களும் ஒரு நாட்டியப் பெண்ணும் வரும் கதையை உருவாக்கினார்கள்.

பிரம்மாண்டமான படம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அந்தச் சொல்லைக் காப்பாற்ற ஐந்து ஆண்டுகள் ஆயின. டி.ஆர். ராஜகுமாரி, எம்.கே. ராதா, ரஞ்சன் நடித்தார்கள். சர்க்கஸ் காட்சி சேர்ந்தது. ராட்சத முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கானோர் ஆடும் நடனம் சேர்ந்தது. இடையில் இயக்குநர் விலகினார். வாசனே இயக்கி முடித்தார். அவர் இயக்கிய முதல் படம் அதுதான்.

செலவு முப்பது லட்ச ரூபாய் என்று பேசப்பட்டது. 1948-ல் அது யாரும் நினைத்துப் பார்க்காத தொகை. சொத்துக்களை அடமானம் வைத்தார். நகைகள் போயின. நண்பர்களிடம் கடன் வாங்கினார். படம் படுத்தால் விகடனும் ஜெமினியும் சேர்ந்தே மூழ்கும் நிலைமை. அலுவலகத்தில் மாதச் சம்பளம் வாங்கிய நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அடுப்பும் அந்த ஒரு படத்தை நம்பி இருந்தது.

வடக்கே போன முரசு

1948 ஏப்ரல் 9 அன்று தமிழ்ப் படம் வெளிவந்தது. மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். இருந்தும் போட்ட பணம் தமிழ்நாட்டில் மட்டும் திரும்பக் கூடியது அன்று. வாசன் அதே படத்தை இந்தியில் தயாரித்தார். அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று இந்திப் படம் வந்தது.

அன்றைய பம்பாய் இந்திப் படங்களின் தலைநகரம். சென்னையில் எடுத்த படத்தை அங்கே யார் சீண்டுவார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. நடிகர்களை வடக்கே பெரும்பாலோருக்குத் தெரியாது. வாசன் பெயரும் அங்கே செல்லுபடியாகாது. அஞ்சல் வழி வியாபாரத்தில் பழகிய நிலைமைதான் இதுவும்: வாங்குபவருக்குக் கடைக்காரரைத் தெரியாது. ஆகவே வாசன் பழைய ஆயுதத்தையே எடுத்தார். நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. வீதிகளில் பெரிய பெரிய சுவரொட்டிகளும் பலகைகளும் எழுந்தன. நட்சத்திரங்களின் பெயரைவிட முரசு நடனமும் சர்க்கசும் வாள் சண்டையுமே முன்னே நின்றன. ரசிகர் எதைப் பார்க்க வருவார் என்று தெரிந்து, அதை முதலில் சொன்னார். தமிழ், இந்தி இரண்டுக்கும் சேர்த்து அறுநூறுக்கு மேற்பட்ட பிரதிகள் ஓடின.

இந்தியா முழுவதும் படம் வெற்றி பெற்றது. சென்னைப் படங்களுக்கு வட இந்தியச் சந்தையின் கதவு திறந்தது. தென்னாட்டுத் தயாரிப்பாளர் பலர் பிறகு அந்த வழியே போனார்கள்.

கைகொடுக்காத இடம்

விளம்பரம் எல்லாவற்றையும் விற்றுவிடும் என்று எண்ணினால் தவறு. 1947-ல் ஜெமினி எடுத்த மிஸ் மாலினி, ஆர்.கே. நாராயணின் கதை. விஷயம் தெரிந்தவர்கள் பாராட்டினார்கள். ஜெமினிக்கு விகடன் இருந்தது, சின்னம் இருந்தது, விளம்பரத் திறமை இருந்தது. ஆனாலும் படம் ஓடவில்லை. விளம்பரம் முதல் நாள் கூட்டத்தை அழைத்து வரும். மறுநாள் கூட்டத்தை அழைத்து வருவது, முதல் நாள் பார்த்தவர் பக்கத்து வீட்டாரிடம் சொல்லும் சொல்தான். இதை வாசன் நன்கு உணர்ந்திருந்தார். சந்திரலேகாவுக்காக வீட்டுச் சொத்தை அடகு வைத்ததன் காரணம் இதுவே. விளம்பரத்தில் சொன்னது திரையில் இல்லாவிட்டால், அடுத்த விளம்பரத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

பின்னர் 1953-ல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த ஔவையார் வந்தது. 1955-ல் திலீப்குமாரும் தேவ் ஆனந்தும் சேர்ந்து நடித்த ஒரே படமான இன்சானியத் வந்தது. ஜெமினியின் அலுவலகத்தில் பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பதற்கென்றே ஆள் உண்டு. அந்த வேலையைப் பார்த்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் பெரிய எழுத்தாளரான அசோகமித்திரன். ஊர் என்ன பேசுகிறது என்று தெரியாமல் ஊருக்கு எதையும் சொல்ல முடியாது என்பது முதலாளியின் கருத்து போலும்.

வாசன் 1964-ல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1969-ல் பத்மபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று காலமானார். ஸ்டூடியோ பின்னர் மூடப்பட்டது. 1973-ல் அந்த நாற்சந்தியில் எழுந்த மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயர் வைக்கப்பட்டது. ஆனால் பஸ் நடத்துநரும் பயணிகளும் ஜெமினி பாலம் என்றே சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

இன்று வி.பி.பி. இருந்த இடத்தில் கைபேசி வந்திருக்கிறது. கண்ணாடித் திரையில் படத்தையும் நாலு வரியையும் பார்த்து, முகம் தெரியாத கடையிடம் மக்கள் பொருள் வாங்குகிறார்கள். மருமகளுக்குப் புடவையும் ஊருக்கு அனுப்பப் பாத்திரமும் அப்படியே வருகின்றன. அந்த நாலு வரியை யாரோ கைக்கு வந்தபடி எழுதிப் போட்ட கடைகளும் உண்டு. தொழில் தெரிந்தவரிடம் கூலி கொடுத்து எழுதி வாங்கிய கடைகளும் உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து தாயுடன் வந்த பிள்ளை அந்த வரிகளை எழுதித்தான் பிழைக்கத் தொடங்கினார். எழுதிய வரியைக் காப்பாற்ற வேண்டிய நாள் வந்தபோது, இருந்த சொத்தையெல்லாம் ஈடு வைத்தார்.