நெஞ்சின் ஓசையைக் கேட்ட வைத்தியர்

இருமலோடு பிள்ளையை டொக்டரிடம் கொண்டுபோனால் அவர் என்ன செய்கிறார்? ஸ்தெதஸ்கோப்பை நெஞ்சிலும் முதுகிலும் வைத்து, மூச்சை இழுத்துவிடச் சொல்கிறார். அந்தக் கருவியை நமக்குத் தந்தவர் றெனே லெனெக் என்னும் பிரெஞ்சு வைத்தியர்.

1781ஆம் ஆண்டு மாசி 17ஆந் திகதி, பிரான்சின் மேற்கே கெம்பேர் பட்டினத்திற் பிறந்தார். ஐந்து வயதிலே தாயை இழந்தார். சயரோகமே காரணம் என்பர். தந்தையோ கவிதையிற் காட்டிய அக்கறையைப் பிள்ளைகளிற் காட்டவில்லை. குருவானவரான உறவினர் ஒருவரிடம் சிறிது காலம் இருந்த சிறுவன், பின்னர் நாந்த் நகரில் வைத்தியராயிருந்த தந்தையின் சகோதரர் வீட்டில் வளர்ந்து, அவரிடமே வைத்தியத்தில் நாட்டங் கொண்டான்.

1801இல் மேற்படிப்புக்குப் பாரிஸ் சென்றார். தோலிலே கறுப்பாய்த் தோன்றி உள்ளுறுப்புகளுக்கும் பரவும் மெலனோமா என்ற புற்றுநோயைத் தனி நோயென முதலிற் பிரித்துக் காட்டியவர், அப்போது இளைஞராயிருந்த இவரே. அந்த இளமைக் காலத்தில், சயரோகம் பற்றிய முள்ளெலும்பை அறுக்கையில் வாள் அவரது இடக்கைச் சுட்டுவிரலைக் கீறிவிட்டது. விரலிலே சிறு கட்டி எழுந்தது. காரமருந்து வைத்துச் சுட்டார், ஆறிவிட்டது. அந்தக் கீறலே பின்னர் அவரைக் கொன்றதென எழுதுவோர் உளர். அதை ஏற்க எனக்கு மனமில்லை. சயரோகிகள் நிறைந்த வாட்டுகளில் ஆண்டாண்டாய் மூச்சு வாங்கியவருக்கு விரற் கீறல் எதற்கு?

அக்காலத்தில் வைத்தியர்கள் நோயாளியின் நெஞ்சிலே நேரே காதை வைத்துக் கேட்பார்கள். 1816இல், பாரிஸ் நெக்கர் வைத்தியசாலையில், இருதய நோயோடு ஓர் இளம்பெண் வந்தாள். உடல் பருத்தவள், பெண்ணின் நெஞ்சிற் காதை வைக்க லெனெக் கூசினார். மரத்துண்டின் ஒரு முனையில் ஊசியாற் கீறினால் மறுமுனையில் வைத்த காதுக்குக் கேட்கும் என்பது நினைவுக்கு வந்தது. தாள்களை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். வெறுங்காதுக்குக் கேட்டதிலும் தெளிவாக இருதயத் துடிப்புக் கேட்டது!

பின்னர் ஏறக்குறைய ஓரடி நீளமான மரக்குழாய்களைத் தாமே கடைந்தார். உயிரோடிருக்கையிற் கேட்ட ஓசையை, இறந்தபின் பிரேதத்தைப் பரிசோதித்துக் கண்டதோடு பொறுமையாய் ஒப்பிட்டார். நுரையீரலிற் குழி விழுந்திருந்தால், நோயாளி பேசும் குரல் நெஞ்சிலிருந்தே வருவதுபோற் கேட்கும் என அறிந்தார். இவற்றையெல்லாம் 1819இல் நூலாக்கினார்.

ஆனால் சயரோகம் தொற்றும் என அவர் நம்பவில்லை. பிரான்சிலே அன்று பெரும்பாலான வைத்தியர்களின் எண்ணமும் அதுவே. அதன் கிருமியை றொபேட் கோக் உலகறியக் காட்டியது 1882இலேதான். கடற்காற்று நன்மை தருமென்று எண்ணி, லெனெக் வாட்டிலே கட்டில்களைச் சுற்றிக் கடற்பாசியைக் கூடப் பரப்பிப் பார்த்தார்.

தமது இளைப்பையும் இருமலையும் நெடுநாளாய் வேறு நோயென்றே அவர் சொல்லிவந்தார். 1826இல் மருமகன் மெரியாடெக், அதே மரக்குழாயை மாமனின் நெஞ்சில் வைத்து, கேட்டதை அப்படியே சொன்னான். சொன்னவை லெனெக் தமது நூலில் எழுதிவைத்த அடையாளங்களே.

பாரிசை விட்டுச் சொந்த மண்ணின் கடலோரத்துக்குப் போனார். செபமும் திருவருட்சாதனங்களும் அவரது வாழ்வோடு ஒன்றியவை. இறுதி நாட்களிலும் அப்படியே. இறப்பதற்குச் சற்று முன், பிறருக்கு அந்த வேதனையான வேலை வேண்டாமென்று, விரல்களிலிருந்த மோதிரங்களை ஒவ்வொன்றாகத் தாமே கழற்றி வைத்தாராம். அன்று ஆவணி 13. அவருக்கு வயது 45.