முத்திரை பெறாத மனிதர்: ஜோசையா மார்ஷல் ஹீத்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் சென்றறியாத தில்லித் தமிழர் அரியர். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழையிலையும் நாடிச் செல்லும் நமக்கு அது சொந்த ஊரை நினைவூட்டும் அங்காடி. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்கறி வாங்குவதோடு வேறொரு வேலையும் எனக்கு அங்கே இருந்தது. சிதம்பரத்தில் குமாஸ்தாவாக இருந்த என் பாட்டனார் விட்டுச் சென்ற பேனாக்கத்தி கூர் மழுங்கிக் கிடந்தது. அதனைச் சாணை பிடித்துத் தருமாறு அங்காடியின் ஓரத்தில் சக்கரம் சுழற்றிக்கொண்டிருந்த முதியவரிடம் கொடுத்தேன்.

அவர் அலகை விரித்தார், மடக்கினார், மீண்டும் விரித்தார். மடங்கும்போது எழுந்த ஓசையைச் செவி சாய்த்துக் கேட்டார். பின்னர்ச் சக்கரத்தை நிறுத்திவிட்டு, இத்தகைய கத்தியைச் சக்கரத்தில் வைத்தல் தகாது, எண்ணெய்க் கல்லில் தீட்டுவதே முறை என்றார். கால் மணி நேரம் பொறுமையாகத் தீட்டினார். தொழிலறிந்தவர் ஒருவர் முன்னொரு தொழிலறிந்தவரின் வேலைக்குச் செலுத்திய மரியாதையாகவே அது எனக்குத் தோன்றியது. அன்று முதல் பழைய ஆங்கிலப் பேனாக்கத்திகளைப் பற்றி அறியும் ஆவல் என்னைப் பற்றிக்கொண்டது. அந்த ஆவல் இறுதியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடமோ இங்கிலாந்து அன்று. சிதம்பரத்துக்கு அண்மையிலுள்ள பரங்கிப்பேட்டையே ஆகும்.

ஒரு கத்தியின் நலம்

பழைய கத்திகளைச் சேர்ப்போர் முதலில் நோக்குவது அலகின் அடிப்பகுதியை. செய்தவரின் முத்திரை பதிந்திருப்பது அங்கேதான். என் பாட்டனாரின் கத்தியில் ஒரு விண்மீனும் ஒரு சிலுவையும் காணப்பட்டன. அது ஷெபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் அடையாளம். இந்தியாவிலும் இலங்கையிலும் அக்காலத்தில் பெரும்பெயர் பெற்றிருந்த முத்திரை அது. அருகே ஒரு மணிமுடியும், அதன் இருபுறமும் வி, ஆர் என்னும் ஆங்கில எழுத்துகளும் இருந்தன. விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தின் குறி அது. இங்கிலாந்து என்னும் நாட்டுப் பெயரும் அலகில் இருப்பின், அக்கத்தி பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது எனலாம். அமெரிக்காவில் இறக்குமதியாகும் பண்டங்களில் நாட்டுப் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்னும் சட்டம் அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்ததே அதற்குக் காரணம்.

அடுத்து நோக்குவது வேலைப்பாடு. அலகு விரிந்த நிலையிலும் மடங்கிய நிலையிலும் முதுகிலுள்ள எஃகு வில் பிடியோடு ஒரே மட்டமாக அமைய வேண்டும். விரலால் தடவினால் மேடும் பள்ளமும் தட்டக்கூடாது. கலைமான் கொம்பு, தந்தம், முத்துச்சிப்பி ஆகியவற்றால் ஆன பிடி, அடியிலுள்ள பித்தளைத் தகட்டோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். அலகை அடித்து உருவாக்கியவர் ஒருவர். சாணைச் சக்கரத்தில் தேய்த்துக் கூர் ஏற்றியவர் ஒருவர். பிடியையும் வில்லையும் கூட்டி முடித்தவர் ஒருவர். சாணைக் கல்லின் தூசு நெஞ்சில் படிந்து இளவயதிலேயே மாண்ட ஷெபீல்டுத் தொழிலாளர் பலர். கையடக்கமான ஒரு பொருளுக்குள் இத்தனை பேரின் உழைப்பு அடங்கியிருக்கிறது.

ஆயினும் முத்திரை சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அது கத்தியைச் செய்தவரைக் காட்டும். கத்திக்கு உயிரான உருக்கை ஆக்கியவரைக் காட்டாது. 1740களில் கடிகாரத் தொழிலாளரான பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர், மூடிய மண் மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையை ஷெபீல்டுப் பகுதியில் தோற்றுவித்தார். நல்ல கத்திகள் பிறந்தது அந்த உருக்கிலிருந்து. ஆனால் அதற்கு ஏற்ற தூய இரும்பைச் சுவீடன் நாட்டிலிருந்து மிகுந்த விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் சொந்த இரும்பில் ஆன உருக்கோ, பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடிக்கும்போது வெடித்து நொறுங்கியது. இக்குறையைத் தீர்த்தவரே ஜோசையா மார்ஷல் ஹீத். அவர் அத்தொழிலில் மனம் செலுத்தத் தொடங்கியது தமிழகத்தில்.

சேலத்து மூசை

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசாங்கத்தில் உத்தியோகம் வகித்தவர். சேலம், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் கம்பெனியின் வணிக அதிகாரியாகப் பணியாற்றினார். கணக்கும் கடிதமும் மட்டுமே உலகம் என்று இருந்துவிடும் இயல்பினர் அல்லர் அவர். பருத்திப் பயிரில் கருத்துச் செலுத்தினார். பறவைகளையும் விலங்குகளையும் தேடிச் சேகரித்தார். 1831இல் ஹார்ஸ்பீல்டு என்னும் விலங்கியல் அறிஞர், ஹீத் அனுப்பிய ஒரு வௌவால் இனத்துக்கு அவருடைய பெயரையே இட்டார். அப்பெயர் இன்றளவும் வழங்குகிறது.

சேலத்தில் அவர் கண்ட காட்சி அவருடைய வாழ்வின் போக்கையே மாற்றியது. அங்குள்ள மலைகளில் இருப்புத்தாது மண்டிக் கிடந்தது. ஊர்தோறும் கொல்லர்கள் சிறு மண் உலைகளில் தாதை உருக்கி இரும்பு எடுத்தனர். அந்த இரும்பைத் துண்டாக்கி, ஆவாரங்கட்டையின் சிறு சிறாய்களோடு மண் மூசையில் இட்டு, எருக்கு முதலிய பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பர். இத்தகைய மூசைகள் இருபது, இருபத்து நான்கினை உலையில் வளைவாக அடுக்கி, ஆட்டுத்தோல் துருத்தியால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஊதுவர். குளிர்ந்த பின் மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி கிடைக்கும். மேலை நாட்டார் வூட்ஸ் என்று வியந்து அழைத்த உருக்கு இதுவே. இத்தொழில் நம் நாட்டில் மிகத் தொன்மையானது என்பதற்குக் கொடுமணல் அகழாய்வு பின்னர்ச் சான்று தந்தது.

கரியைத் தன்னுள் ஏற்று இரும்பு உருக்காகும் நுட்பத்தை ஐரோப்பிய வேதியியலார் அப்போதுதான் ஆராய்ந்து கொண்டிருந்தனர். அதே விளைவைப் பரம்பரை அறிவினால் நம் கொல்லர் நாள்தோறும் நிகழ்த்தியது கண்டு ஹீத் வியப்படைந்தார். பண்டை எகிப்தியர் கடுங்கற்களில் எழுத்து வெட்டப் பயன்படுத்திய உளிகள் இந்திய உருக்கால் ஆனவையாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்தையும் 1839இல் இராயல் ஆசிய சங்கத்தின் இதழில் வெளியிட்டார். அக்கருத்து மெய்யோ அன்றோ, நம் கொல்லரின் திறனை அவர் எவ்வளவு உயர்வாக மதித்தார் என்பதற்கு அது சான்று. எனினும் அக்கொல்லர் ஒருவருடைய பெயரும் வரலாற்றில் இடம் பெறவில்லை.

பரங்கிப்பேட்டை உலை

ஹீத் உத்தியோகத்தைத் துறந்தார். தென்னாட்டின் தாதைக் கொண்டு ஐரோப்பிய முறையில் பேரளவில் இரும்பு செய்ய வேண்டும் என்பது அவர் வேட்கை. கம்பெனி அரசாங்கத்திடம் தனியுரிமையும் முன்பணமும் பெற்று, 1830இல் வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் ஆலையைத் தொடங்கினார். 1833இல் அது கூட்டுக் கம்பெனியாக உருவெடுத்தது.

எண்ணம் பெரிது, இடர்ப்பாடுகள் அதனினும் பெரியன. தாது கிடைத்த சேலம் நூறு மைல் தொலைவுக்கு அப்பால் இருந்தது. நிலக்கரி இல்லாமையால் மரக்கரியே எரிபொருளாயிற்று. உலையின் பசிக்கு ஈடுகொடுக்கக் காடுகள் அழிந்தன. நாளடைவில் கரி கிடைப்பதும் அருகியது. தனியுரிமை என்பது பிறருக்கு வாயில் அடைப்பது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆலை பொருள் ஈட்டவில்லை. ஹீத்தின் செல்வமும் அரசாங்கத்தின் பணமும் அதில் கரைந்தன. அவர் மறைந்த பின்னும் அது கைமாறித் தள்ளாடி, 1860களில் உலைத் தீ அணைந்தது. பரங்கிப்பேட்டை இன்று இரும்புக்கன்றிக் கடலுயிர் ஆராய்ச்சிக்கே பெயர் பெற்றது.

ஷெபீல்டில் கண்ட வெற்றி

இங்கிலாந்து திரும்பிய ஹீத் சோர்ந்துவிடவில்லை. ஷெபீல்டின் மூசைகளோடு மீண்டும் ஆராய்ச்சி தொடங்கினார். மாங்கனீசும் கரியும் கூடிய பொருளை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை மூசையில் சேர்த்தால், தாழ்ந்த இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு கிடைக்கும் என்று கண்டார். இம்முறைக்கு 1839 ஏப்ரல் 5ஆம் நாள் காப்புரிமை பெற்றார்.

இதன் நுட்பத்தைப் பிற்கால அறிவியல் தெளிவாக்கியது. இரும்பிலுள்ள கந்தகமே அது சூட்டில் வெடிப்பதற்குக் காரணம். மாங்கனீசு அக்கந்தகத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. உருக்கில் தங்கும் உயிர்வாயுவையும் அகற்றுகிறது. அதனால் உருக்கு சம்மட்டிக்கு இணங்குகிறது. இரும்போடு பற்றவைக்கவும் இடம் தருகிறது. மாங்கனீசின் பயனை ஹீத் நம் கொல்லரிடமே கற்றார் என்று சொல்லிப் பெருமை கொள்ள நமக்கு ஆசை எழலாம். அதற்கு ஆதாரமில்லை, அது அவருடைய சொந்த உழைப்பின் பயன் என்றே கொள்ளுதல் முறை. மூசையின்பால் அவர் கொண்ட ஈடுபாட்டுக்கு வித்து சேலத்தில் விழுந்தது என்று மட்டும் சொல்லலாம்.

பயன் மிகப் பெரிது. கத்தித் தொழிலுக்கான உருக்கின் விலை டன்னுக்கு 30 முதல் 40 பவுன் வரை குறைந்தது என்பர். மிக உயர்ந்த கத்திகளுக்குச் சுவீடன் இரும்பே தொடர்ந்து பயன்பட்டது எனினும், மூசையில் மாங்கனீசு இடுவது ஷெபீல்டின் பொது வழக்கமாயிற்று. செல்வர் மட்டுமே வாங்கிய உருக்குக் கத்தி எளியவர் கைக்கும் எட்டியது.

வழக்கும் முடிவும்

ஹீத்துக்குக் கிடைத்தது யாது? மாங்கனீசுப் பொருளைத் தனியே ஆக்கிச் சேர்ப்பதைவிட, மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேரே மூசையில் இட்டால் செலவு குறையும் என்பது விரைவில் தெரிந்தது. இரண்டும் மூசைக்குள் கலந்து அதே பயனைத் தந்தன. ஹீத்தின் முகவராக ஷெபீல்டில் இருந்த அன்வின் என்பவர் இம்முறையைக் கைக்கொண்டு, காப்புரிமைப் பத்திரத்தில் எழுதப்பட்ட முறை வேறு, தாம் செய்வது வேறு என்று வாதிட்டார். பத்திரத்தின் ஒரு சொல்லை வைத்து வழக்கு மூண்டது. ஷெபீல்டின் உற்பத்தியாளர் பலரும் ஹீத்துக்கு எதிராகத் திரண்டனர்.

ஒரு மன்றத்தில் தோல்வி, மற்றொன்றில் வெற்றி. ஆண்டுகள் உருண்டன. 1851இல் ஹீத் வறுமையுற்ற நிலையில் ஷெபீல்டில் மறைந்தார். 1853இல் அவருடைய மனைவிக்காகக் காப்புரிமை நீட்டிக்கப்பட்டது. ஆனால் 1855இல் பிரபுக்கள் சபை வழங்கிய இறுதித் தீர்ப்பு ஹீத்துக்குப் பாதகமாகவே அமைந்தது. மறு ஆண்டிலேயே ராபர்ட் மஷெட் என்பவர் பெசமர் முறை உருக்கிலும் மாங்கனீசு சேர்த்தல் இன்றியமையாதது என்று காட்டினார். தண்டவாளமும் பாலமும் கப்பலுமாக உருக்கு உலகை ஆண்டது. வழி திறந்தவரின் குடும்பத்துக்கு அதில் பங்கில்லை.

ஹீத்தின் வாழ்வில் ஓர் ஒற்றுமை என் நெஞ்சை உறுத்துகிறது. சேலத்துக் கொல்லரின் தொழிலைக் கண்டு எழுதியவர் அவர். கொல்லரின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. அவருடைய முறையால் ஷெபீல்டு செழித்தது. அவர் பெயர் எந்தக் கத்தியிலும் ஏறவில்லை. கம்பெனியின் தனியுரிமையால் பயன்பெற்றவர், தம் உரிமை பறிபோனபோது நீதி தேடி அலைந்தார். அவரைக் குறையற்றவராகப் போற்ற வேண்டியதில்லை, மறந்துவிடவும் வேண்டியதில்லை.

நம் வீடுகளில் மூதாதையரின் பேனாக்கத்தி ஏதேனும் இருப்பின் அதனைக் கழித்துவிடாதீர்கள். துருவேறாத எஃகு 1913இல் ஷெபீல்டில் தோன்றுவதற்கு முற்பட்டதாயின், மாங்காயை அரிந்தால் அலகு கறுக்கும். அது குறையன்று, பழைய உருக்கின் இயல்பு. துடைத்து, ஒரு துளி எண்ணெய் இட்டு வையுங்கள். பளபளப்புக்காகத் தேய்த்து முத்திரையை அழித்துவிடாதீர்கள். அதனைக் கையில் எடுக்கும்போது, முத்திரையில் இருப்பவரோடு முத்திரை பெறாதவர்களையும் ஒரு கணம் நினையுங்கள்.

அன்று கூலியைக் கொடுத்துவிட்டு வந்த நான், கத்தியைத் தீட்டித் தந்த முதியவரின் பெயரைக் கேட்கவில்லை. ஹீத்தின் கதையைப் படித்து முடித்த பின் அது எனக்குப் பெரும் பிழையாகப் பட்டது. அடுத்த ஞாயிறன்று மீண்டும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் சென்றேன், காய்கறி வாங்குவதற்கு முன் அவருடைய பெயரைக் கேட்டறிந்தேன்.