வைபவமாலையை விசாரித்த சுவாமிகள்

மானிப்பாயிலே சைவக் குடும்பமொன்றில் 1875இல் தோன்றிய வைத்திலிங்கமே பின்னாளில் நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசரானார். இளமையிற் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்தவர் 1901இல் குருப்பட்டம் பெற்றார்.

நூல்களை வாசித்தலோடு அவர் அமையவில்லை. நியாயத்தலத்திற் சாட்சியை விசாரிப்பதுபோல விசாரித்தார். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை நம்மவர் பெரிதும் போற்றிய நூல். 1928இல் வெளிவந்த ‘யாழ்ப்பாண வைபவ விமர்சன’த்தில் அந்நூலின் காலக் கணக்கையும் கர்ணபரம்பரைக் கதைகளையும் போர்த்துக்கேயர் குறிப்புக்களோடும் சிங்கள நூல்களோடும் ஒப்புநோக்கினார். பாட்டனார் சொன்ன கதையைப் பிழையென்று கேட்பது எவர்க்கும் இனிதன்று. ஆயினும் சுவாமிகள் நூலைத் தள்ளினாரல்லர். அதனுட் பொதிந்த மெய்யையே தேடினார். அவர்தம் முடிபுகள் சிலவற்றைப் பின்வந்தோர் மறுத்தனர். மறுத்ததும் அவர் காட்டிய முறையாலேயே என்பேன்.

சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி முற்றுப்பெறாதிருக்க, 1947இல் மறைந்தார்.