மலைப்பூக்களைத் தேடிப்போன நம் முதல்வர்

ஃபைசன் என்றதும் கொடைக்கானல் ரோட்டில் வழிமறிக்கும் காட்டெருமை ஞாபகம் வந்தால் தப்பில்லை. முதலாமாண்டில் எங்களுக்கும் அப்படித்தான் வந்தது! அவர் நம் மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிலிப் ஃபர்லி ஃபைசன் 1877-ல் ஜப்பானில் பிறந்தவர். அப்பா அங்கே கிறிஸ்தவ மிஷனரி. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1904-ல் நம் கல்லூரிக்குத் தாவரவியல் பேராசிரியராக வந்தார். அந்த நாளில் ஊட்டியில் ஒரு காட்டுப்பூவைப் பார்த்து, அது என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் ஹூக்கரின் 7 தொகுதிகளைப் புரட்ட வேண்டும். இந்தியா முழுமைக்குமான நூல், படமும் கிடையாது. புல்மேட்டில் நின்றுகொண்டு அதை யார் புரட்டுவது?

ஃபைசன் எல்லையைச் சுருக்கினார். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல். 6,500 அடிக்கு மேல் பூப்பவை மட்டும். 1915-லிருந்து சில ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வந்தன. அவற்றில் ஒன்று முழுக்கப் படங்கள். தனியாளாகச் செய்துவிடவில்லை. நம் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த பௌர்னும் அவர் மனைவியும் கொடைக்கானலில் ஏற்கெனவே ஏராளமான செடிகளைச் சேகரித்திருந்தார்கள். திருமதி பௌர்னும் திருமதி ஃபைசனும் படங்கள் வரைந்தார்கள். காய்ந்த செடியில் நிறம் போய்விடும், வடிவமும் நசுங்கிவிடும். படம் இருந்தால்தான் புதிதாகப் பார்ப்பவருக்குப் பிடிபடும்.

இன்னொன்றும் செய்தார். வெளியூரிலிருந்து வந்து காடேறிப்போன செடிகளையும் சேர்த்துக்கொண்டார். மலைக்குப் போகிறவருக்கு எது மண்ணின் செடி, எது வந்தேறி என்று எப்படித் தெரியும்? சும்மா சொல்லக் கூடாது, படிப்பவரை நினைத்து எழுதிய மனுஷர்.

1925-ல் முதல்வரானார். குன்னூர், ஏற்காடு எல்லாம் சேர்த்து விரிவாக்கிய நூல் 1932-ல் வந்தது. அந்த வருஷமே ஓய்வு பெற்றார். 1947-ல் காலமானார்.

அவர் நடந்த புல்மேடுகள் பலவற்றில் பிற்பாடு வாட்டில், தைலமரம், பைன் நட்டுவிட்டார்கள். அந்த நிழலில் புல்லே சரியாக வளராது, தரை ஆர்க்கிட் எங்கே வளரும்? அங்கே முன்பு என்ன பூத்தது என்று கேட்பவர்களுக்கு இன்றைக்கும் அவர் நூல்தான் சாட்சி.

மாணவத் தம்பி தங்கைகளே, அதன் பழைய பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மே மாத சீசனில் போனால் பூங்கா ரோஜாதான். மழைக்காலத்தில் போங்கள். ஈரமான புல்தரையில் குனிந்து பார்த்தால், பூச்சி பிடிக்கும் ட்ரோசீரா இலைநுனியெல்லாம் பசைத்துளியோடு நிற்கும். பறிக்காமல், படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.