ஓர் இந்தியப் பெண்மணி

அருப்புக்கோட்டைத் தறிச் சத்தத்திலும் திருச்சுழிப் பக்கத்துக் கரிசற்காட்டு வெயிலிலும் வளரும் நம் மாணவியரைக் கேட்டால், டாக்டராக வேண்டும் என்று சொல்பவரே அதிகம். அதே ஆசையோடு நெடுந்தொலைவிலிருந்து சென்னைக்கு வந்து, அது கைகூடாமல் பேனாவைக் கையிலெடுத்த ஒருவரைப் பற்றி எழுத விழைகிறோம். அவர்தான் கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார்.

1862-ல் மராட்டிய நாட்டு அகமத்நகரில் பிறந்தார். பெற்றோர் பிராமண குலத்தினின்று கிறிஸ்தவ மறையைத் தழுவியவர்கள். தந்தை சீக்கிரமே காலமானார். தங்கையைப் புத்தகங்களின்பால் திருப்பிய அண்ணன் பாஸ்கரும் இளமையிலேயே மறைந்தார்.

பம்பாயில் படிக்கையில், இங்கிலாந்து சென்று மருத்துவம் பயில உதவித்தொகை கிடைத்தது. உடல் தாங்காது என்று பயணம் நின்றது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. 1878-ல் அங்கே சேர்ந்தார். முதலாண்டில் பரிசுகள் பல பெற்றார். பிறகு உடல்நலம் கெட்டது. படிப்பும் அத்தோடு நின்றது.

சாமுவேல் சத்தியநாதனை மணந்து உதகமண்டலம் சென்றார். கணவர் அங்கே தலைமையாசிரியர். அம்மையார் சும்மா இருக்கவில்லை. முஸ்லிம் சிறுமியருக்கென ஒரு பள்ளி தொடங்கினார், பத்திரிகைகளுக்கும் எழுதலானார். எந்தப் பத்திரிகையிலும் அவர் உத்தியோகம் பார்த்ததில்லை. வீட்டிலிருந்தே எழுதி அனுப்பினார். பெண்கல்வியைப் பற்றி எழுதினார். கட்டுரையின் கீழே அவர் பெயர் இராது. ஓர் இந்தியப் பெண்மணி என்று மட்டும் இருக்கும். குடும்பப் பெண்ணின் பெயர் அச்சில் வருவது அந்நாளில் எளிய காரியமா என்ன!

ராஜமகேந்திரம், கும்பகோணம் என்று கணவரோடு ஊர் ஊராய்ச் சென்று, 1886-ல் சென்னை திரும்பினார். 1887, 1888 ஆண்டுகளில் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் "சகுணா" தொடராக வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய நாவல்தான். ஆனால் கதை முழுதும் அவர் வாழ்க்கையே. தன் கதையைத் தன்னிலிருந்து தொடங்காமல் தாயிடமிருந்து தொடங்குகிறார். சிறு வயதில் மணமாகி, கணவர் மதம் மாறிய செய்தி கேட்டுக் கலங்கி, பின்பு அவர் பின்னேயே நடந்த அந்தத் தாயின் கதை இருக்கிறதே, நூலின் சிறந்த பகுதி அதுவென்றே சொல்வோம். அதன்பிறகுதான் அண்ணனும், படிப்பும், தடைப்பட்ட பயணமும் வருகின்றன. வேறொரு பெயருக்குள் நின்றுகொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டார்.

பெற்ற ஒரே குழந்தை ஓராண்டு நிறையுமுன் இறந்தது. நோய் முற்றிய நிலையிலும் "கமலா" என்ற நாவலை எழுதி முடித்தார். 1894 ஆகஸ்டு 3-ஆம் நாள் இயற்கை எய்தினார். வயது 32.

"சகுணா" 1895-ல்தான் நூலாயிற்று. அதை அவர் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டே தமிழில் பெயர்த்து வெளியிட்டார்கள். ஆங்கில மூலத்தை 1998-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் மீண்டும் அச்சிட்டது, அவருடைய சொந்தப் பெயரிலேயே.