ஜேம்ஸ் ஜேமர்சன்

ஜேம்ஸ் லீ ஜேமர்சன் (ஜனவரி 29, 1936 – ஆகஸ்ட் 2, 1983) அமெரிக்காவைச் சேர்ந்த பேஸ் கிட்டார் இசைக்கலைஞர் ஆவார். டெட்ராய்ட் நகரில் இயங்கிய மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பெரும்பாலான பாடல்களுக்கு 1959 முதல் 1970களின் தொடக்கம் வரை இவரே பேஸ் வாசித்தார். அமெரிக்கத் தரவரிசைகளில் முதலிடம் பெற்ற இருபதுக்கும் மேற்பட்ட பாடல்களில் இவரது வாசிப்பு உள்ளது. எனினும் அப்பாடல்கள் வெளியான காலத்தில் இசைத்தட்டு உறைகளில் இவரது பெயர் இடம்பெறவில்லை. பேஸ் கிட்டாரின் ஒலியை ஒலிவாங்கி இல்லாமல், நேரடி உள்ளீட்டுப் பெட்டி வழியாகப் பதிவு மேசைக்கு அனுப்பும் முறைக்கு இவரது பதிவுகள் புகழ்பெற்ற தொடக்ககால எடுத்துக்காட்டாக விளங்குகின்றன.

இளமைக்காலம்

ஜேமர்சன் தென் கரொலைனா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் நகருக்கு அருகிலுள்ள எடிஸ்டோ தீவில் பிறந்தார். பியானோ வாசிக்கத் தெரிந்த பாட்டியும், தேவாலயப் பாடகர் குழுவில் பாடிவந்த அத்தையும் இவரது வளர்ப்பில் பங்கு கொண்டனர். சிறுவயதிலேயே பியானோ வாசிக்கப் பழகினார். கிறித்தவ நற்செய்திப் பாடல்கள், புளூஸ், ஜாஸ் ஆகியவற்றை வானொலியில் கேட்டு வளர்ந்தார்.

1954 இல் தாயாருடன் வாழ டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளில் வேலை தேடித் தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருமளவில் வடக்கே சென்ற காலம் அது. நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, நின்றபடி வாசிக்கப்படும் பெரிய மர இசைக்கருவியான டபுள் பேஸைக் கற்கத் தொடங்கினார். ரே பிரவுன், பால் சேம்பர்ஸ், பெர்சி ஹீத் ஆகிய ஜாஸ் கலைஞர்கள் இவருக்கு முன்மாதிரிகளாக இருந்தனர். பள்ளிப் படிப்பு முடிந்தபின் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இசை பயில உதவித்தொகை வாய்ப்பு வந்தும் அதை ஏற்காமல், இரவு விடுதிகளில் வாசிப்பதையே தொழிலாகக் கொண்டார்.

மோட்டவுனில்

பெரி கோர்டி என்பவர் 1959 இல் தொடங்கிய நிறுவனம் பின்னர் மோட்டவுன் எனப் பெயர் பெற்றது. டெட்ராய்டின் மேற்கு கிராண்ட் பூல்வார்டில் 2648 ஆம் எண் கொண்ட சாதாரண வீடு ஒன்றே அதன் தலைமையகம். அந்த வீட்டின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தை இசைக்கலைஞர்கள் பாம்புக்குழி என அழைத்தனர். இங்கும் அங்கும் கிடந்த மின்வடங்களே இப்பெயருக்குக் காரணம். இங்கு நிரந்தரமாக வாசித்த குழுவினர் பின்னர் ஃபங்க் பிரதர்ஸ் என்ற பெயரால் அறியப்பட்டனர். மேளக் கலைஞர் பென்னி பெஞ்சமின், விசைப்பலகைக் கலைஞர் ஏர்ல் வான் டைக், கிட்டார் கலைஞர்கள் ராபர்ட் ஒயிட், எடி வில்லிஸ், ஜோ மெசினா முதலியோர் இக்குழுவில் இருந்தனர்.

ஜேமர்சன் 1959 முதல் இங்கு வாசிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் டபுள் பேஸையே பயன்படுத்தினார். 1960களின் முற்பகுதியில் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் என்னும் மின்சார பேஸ் கிட்டாருக்கு மாறினார். டெம்ப்டேஷன்ஸ் குழுவின் மை கேர்ள் (1964), சுப்ரீம்ஸ் குழுவின் யூ கான்ட் ஹர்ரி லவ் (1966), ஃபோர் டாப்ஸ் குழுவின் பெர்னடெட் (1967), ஸ்டீவி வொண்டரின் ஐ வாஸ் மேட் டு லவ் ஹெர் (1967) முதலியன இவரது வாசிப்புக்காக இன்றும் குறிப்பிடப்படும் பாடல்களாகும்.

தொடக்க ஆண்டுகளில் ஒரு பாடலுக்குச் சில டாலர்களே ஊதியமாகக் கிடைத்தன. இதனால் இசைக்கலைஞர்கள் பிற நிறுவனங்களின் பதிவுகளிலும் கலந்து கொண்டனர். சிகாகோவில் 1967 இல் பதிவான ஜாக்கி வில்சனின் ஹையர் அண்ட் ஹையர் பாடல் அவ்வாறு உருவானதே. 1968 அளவில் மோட்டவுன் இவருக்கு வாரத்துக்கு 1,000 டாலர் நிலையான ஊதியம் அளித்தது. ஊதியம் உயர்ந்தபோதும் உறைகளில் பெயர் அச்சிடும் வழக்கம் ஏற்படவில்லை.

1971 இல் வெளியான மார்வின் கேயின் வாட்ஸ் கோயிங் ஆன் இசைத்தொகுப்பில்தான் ஜேமர்சனின் பெயர் முதன்முறையாக ஒரு பெரிய மோட்டவுன் வெளியீட்டில் அச்சானது. அதன் தலைப்புப் பாடலைப் பதிவு செய்த இரவில், மது அருந்தியிருந்த ஜேமர்சன் நாற்காலியில் அமர இயலாமல் தரையில் படுத்தபடி வாசித்தார் என்று கூறப்படுகிறது.

வாசிப்பு முறை

அக்காலப் பாடல்களில் பேஸ் கிட்டாரின் பணி பெரும்பாலும் ஒவ்வொரு சுரக்கூட்டின் அடிப்படைச் சுரத்தைத் தாளத்துடன் ஒலிப்பதாகவே இருந்தது. ஜேமர்சன் அதனை ஒரு தனி இன்னிசை வரியாக மாற்றினார். தாளத்தின் தட்டுகளுக்கு இடையில் எடுக்கும் சுரங்களும், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது இடையில் தொட்டுச் செல்லும் சுரங்களும், அழுத்தாமல் மீட்டப்படும் தந்திகளும் இவரது வாசிப்பில் நிறைந்திருந்தன. ஜாஸ் இசையில் பெற்ற பயிற்சி இதற்கு அடிப்படையாக அமைந்தது.

டபுள் பேஸ் பழக்கத்தால் மின்சார பேஸையும் வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினால் மட்டுமே மீட்டினார். இதனால் அவ்விரலுக்குக் கொக்கி என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது.

இசைக்கருவி

ஜேமர்சன் நீண்டகாலம் பயன்படுத்திய கருவி 1962 ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரிசிஷன் பேஸ் ஆகும். அதன் கழுத்தின் அடிப்பகுதியில் ஃபங்க் என்ற சொல்லைச் செதுக்கியிருந்தார். அதனால் அது ஃபங்க் மெஷின் எனப்பட்டது. அதன் அமைப்பு பின்வருமாறு:

தந்திகள்: லா பெல்லா நிறுவனத்தின் தடித்த தந்திகள். இவற்றின் மேற்பரப்பு தட்டையான உலோக நாடாவால் சுற்றப்பட்டது. தந்தி அறுந்தாலன்றி இவர் மாற்றுவதில்லை. பழைய தந்தியில் கூர்மையான மேலொலிகள் குறைந்துவிடும்.

நுரைப்பஞ்சு: தந்திகளைத் தாங்கும் குதிரையின் உலோக மூடிக்கு அடியில் நுரைப்பஞ்சு வைக்கப்பட்டிருந்தது. இது தந்தியின் அதிர்வை விரைவில் அடக்கும். ஒவ்வொரு சுரமும் குறுகியதாகவும் தெளிவாகவும் ஒலிக்க இது உதவியது.

தந்தி உயரம்: தந்திகள் கழுத்துப் பலகையிலிருந்து வழக்கத்தைவிட உயரமாக இருந்தன. மற்றவர்களுக்கு இதனை வாசிப்பது கடினம். டபுள் பேஸ் பழகிய கைக்கு இயல்பானது.

குமிழ்கள்: ஒலியளவுக் குமிழும் தொனிக் குமிழும் முழுமையாகத் திறந்தே இருந்தன.

நேரடி ஒலிப்பதிவு

இரவு விடுதிகளில் வாசிக்கும்போது ஜேமர்சன் ஆம்பெக் பி-15 என்னும் மிகைப்பியைப் பயன்படுத்தினார். மோட்டவுன் கூடத்தில் நிலைமை வேறு. ஒரே சிறிய அறையில் மேளம், பியானோ, மூன்று கிட்டார்கள், பேஸ் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் ஒலித்தன. பேஸ் மிகைப்பியின் முன் ஒலிவாங்கி வைத்தால் மேள ஒலியும் அதில் கலந்துவிடும். பின்னர் பேஸை மட்டும் தனியே கூட்டவோ குறைக்கவோ இயலாது.

இச்சிக்கலுக்கு மோட்டவுனின் பொறியாளர் மைக் மெக்லீன் வடிவமைத்த நேரடி உள்ளீட்டுப் பெட்டி தீர்வாக அமைந்தது. கிட்டார்களும் பேஸும் அதில் நேராக இணைக்கப்பட்டன. ஒலி பதிவு மேசைக்குச் சென்றது. கலைஞர்கள் தங்கள் வாசிப்பைப் பொதுவான ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டனர்.

சுருக்கமாக டி.ஐ. எனப்படும் இப்பெட்டியின் இயக்கம் எளியது. பேஸ் கிட்டாரின் காந்தச் சுருள், தந்தியின் அதிர்வைச் சிறிய மின்னழுத்தமாக மாற்றுகிறது. பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட இச்சுருளின் மின்மறிப்பு அதிகம். இத்தகைய சைகையை நீண்ட வடத்தில் அனுப்பினால் உயர் அதிர்வெண்கள் மங்கும், இரைச்சலும் சேரும். பெட்டியினுள் உள்ள மின்மாற்றி இச்சைகையைக் குறைந்த மின்மறிப்புடைய சமநிலைச் சைகையாக மாற்றுகிறது. சமநிலை வடத்தில் இரண்டு கம்பிகள் எதிரெதிர்ச் சைகைகளைச் சுமக்கின்றன. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறுவதால், மறுமுனையில் வேறுபாடு எடுக்கும்போது அது நீங்கிவிடுகிறது.

இவ்வாறு பெறப்பட்ட ஒலி, வாசிப்பவரின் விரலை எதுவும் மறைக்காத ஒலியாகும். மிகைப்பியின் தன்மையோ அறையின் எதிரொலியோ அதில் இல்லை. எனவே மோட்டவுன் பதிவுகளில் ஜேமர்சனின் ஒவ்வொரு சுரமும் முன்னால் நின்று கேட்கிறது. பெயர் வெளியே தெரியாத கலைஞரின் கைவண்ணம் இத்தனை தெளிவாகப் பதிவாகியிருப்பது இம்முறையின் பயனாகும். பிற்காலத்தில் பலதட நாடாக்களிலிருந்து இவரது பகுதி தனியே கேட்கப்பட்டபோது, அதில் மேளமும் குரலும் கலவாமல் இருந்ததற்கும் இதுவே காரணம்.

இன்றைய கருவித் தெரிவில் தாக்கம்

பேஸ் கிட்டாருக்கு டி.ஐ. பெட்டியோ முன்மிகைப்பிப் பெடலோ தேர்வு செய்வோர் ஜேமர்சனின் ஒலியை அடிக்கடி ஓர் அளவுகோலாகக் கொள்கின்றனர். இன்று கிடைக்கும் கருவிகளை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

மின்மாற்றி மட்டும் கொண்ட வகைக்கு மின்சாரம் தேவையில்லை. இதன் உள்ளீட்டு மின்மறிப்பு பொதுவாக நூற்றைம்பது கிலோ ஓம் அளவை ஒட்டியது. இது காந்தச் சுருளின் உயர் ஒலிகளைச் சற்று மென்மையாக்கும். மோட்டவுன் பெட்டி இவ்வகையைச் சேர்ந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு அக்மி ஆடியோ நிறுவனம் மோட்டவுன் டி.ஐ. என்ற பெயரில் ஒரு பெட்டியைத் தயாரித்துள்ளது.

மின்னணுச் சுற்று கொண்ட வகையின் உள்ளீட்டு மின்மறிப்பு பெரும்பாலும் ஒரு மெகா ஓம் அளவில் இருக்கும். இதனால் உயர் ஒலிகள் குறையாமல் கிடைக்கும். இதற்கு மின்கலமோ, பதிவு மேசையிலிருந்து வரும் 48 வோல்ட் மின்சாரமோ தேவை.

முன்மிகைப்பிப் பெடல் மூன்றாம் வகை. இதில் தொனியை மாற்றும் குமிழ்கள் இருக்கும். பலவற்றில் மிகைப்பியின் உராய்வொலியைப் போலச் செய்யும் வசதியும் நேரடி வெளியீடும் உண்டு. மிகைப்பியைத் தூக்கிச் செல்லாமல் மேடையில் வாசிப்போருக்கு இது ஏற்றது.

ஆயினும் ஜேமர்சனின் ஒலி பெட்டிக்கு வருமுன்னரே பெரும்பகுதி உருவாகிவிட்டது. தட்டைத் தந்தியும் நுரைப்பஞ்சும் இல்லாத பேஸை எந்தப் பெட்டியில் இணைத்தாலும் அவ்வொலி கிடைப்பதில்லை. நேரடிப் பெட்டி உள்ளதை உள்ளபடியே காட்டுவது. வாசிப்பில் உள்ள குறையையும் அவ்வாறே காட்டும்.

லாஸ் ஏஞ்சலஸில்

1972 இல் மோட்டவுன் தனது தலைமையகத்தை லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு மாற்றியது. 1973 இல் ஜேமர்சனும் அங்கு குடியேறினார். நிறுவனத்துடனான உறவு அதன்பின் தளர்ந்தது. சில்வர்ஸ் குழுவின் பூகி ஃபீவர், மர்லின் மக்கூ மற்றும் பில்லி டேவிஸ் இணையரின் யூ டோன்ட் ஹேவ் டு பி எ ஸ்டார் ஆகிய பாடல்கள் இக்காலத்தைச் சேர்ந்தவை. முதலாவது 1976 இலும், இரண்டாவது 1977 ஜனவரியிலும் தரவரிசையில் முதலிடம் பெற்றன.

எனினும் 1970களின் பிற்பகுதியில் வாய்ப்புகள் குறைந்தன. கூர்மையாக ஒலிக்கும் புதிய வகைத் தந்திகளும், பெருவிரலால் தட்டி வாசிக்கும் முறையும் பரவின. எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடியது. ஜேமர்சன் தன் கருவியையும் முறையையும் மாற்றிக்கொள்ளவில்லை. நெடுநாள் மதுப்பழக்கம் உடல்நலத்தையும் கெடுத்தது.

மறைவு

மோட்டவுனின் 25 ஆண்டு நிறைவு விழா 1983 மார்ச்சில் கலிபோர்னியாவின் பாசடினா நகரில் நடந்தது. அதற்கு அழைக்கப்படாத ஜேமர்சன், நுழைவுச்சீட்டு வாங்கி மாடி இருக்கையில் அமர்ந்து பார்த்ததாக அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இவர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு ஃபங்க் மெஷின் திருடு போனது. கல்லீரல் நோய், இதயச் செயலிழப்பு, நுரையீரல் அழற்சி ஆகியவற்றால் 1983 ஆகஸ்ட் 2 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தனது 47 ஆவது வயதில் காலமானார். இவரது உடல் டெட்ராய்டில் உள்ள உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இவரது மகன் ஜேம்ஸ் ஜேமர்சன் இளையவரும் பேஸ் கலைஞராக விளங்கினார்.

பெயர் குறித்த சர்ச்சை

மோட்டவுன் உறைகளில் கலைஞர் பெயர்கள் இல்லாததால், எந்தப் பாடலில் யார் வாசித்தார் என்பது பிற்காலத்தில் விவாதத்துக்கு உள்ளானது. லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த பேஸ் கலைஞர் கேரல் கே, புகழ்பெற்ற சில மோட்டவுன் பாடல்களில் தாம் வாசித்ததாகக் கூறினார். அப்பாடல்களில் வாசித்தவர் ஜேமர்சனே என்று மோட்டவுனின் இசையமைப்பாளர்களும் சக கலைஞர்களும் மறுத்தனர். மோட்டவுன் லாஸ் ஏஞ்சலஸிலும் பதிவுகள் நடத்தியதுண்டு என்பதால் இவ்விவாதம் எளிதில் அடங்கவில்லை.

அங்கீகாரங்கள்

ஜேமர்சனின் வாழ்க்கையையும் வாசிப்பையும் விரிவாகக் கூறும் ஸ்டாண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன் என்னும் நூலை ஆலன் ஸ்லட்ஸ்கி 1989 இல் வெளியிட்டார். அதே பெயரில் ஃபங்க் பிரதர்ஸ் குழுவைப் பற்றிய ஆவணப்படம் 2002 இல் வெளிவந்தது. 2000 ஆம் ஆண்டில் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில், பக்க இசைக்கலைஞர்களுக்கெனத் தொடங்கப்பட்ட பிரிவின் முதல் ஆண்டிலேயே ஜேமர்சன் சேர்க்கப்பட்டார். ஃபங்க் பிரதர்ஸ் குழுவுக்கு 2004 இல் கிராமி வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கப்பட்டது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி தம்மீது தாக்கம் செலுத்தியவர்களுள் ஒருவராக ஜேமர்சனைக் குறிப்பிட்டுள்ளார். ரோலிங் ஸ்டோன் இதழ் 2020 இல் வெளியிட்ட தலைசிறந்த ஐம்பது பேஸ் கலைஞர்கள் பட்டியலில் இவருக்கு முதலிடம் அளிக்கப்பட்டது.

மேற்கு கிராண்ட் பூல்வார்டு வீடு 1985 இல் அருங்காட்சியகமாக்கப்பட்டது. ஜேமர்சன் வாசித்த ஒலிப்பதிவுக் கூடம் அங்கு பாதுகாக்கப்பட்டு வருகிறது.